சிற்பியும் அம்மியும்

திரைப்படங்களுக்குப் பாடல் எழுத வருமாறு அழைத்தபோது, அம்மி கொத்தச் சிற்பி எதற்கு என்று கேட்டு மறுத்தாராம் கவிக்கோ அப்துல் ரகுமான். அவரைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் இம்மறுமொழியை வியந்து கூறுவோர் பலர். நாமும் வியந்ததுண்டு. ஆயினும் அந்த உவமை நம் நெஞ்சில் நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கவிக்கோ 1937இல் நம் மதுரை மண்ணில் பிறந்தவர். தந்தையும் பாட்டனாரும் உருதுக் கவிஞர்கள். தியாகராசர் கல்லூரியில் தமிழ் பயின்று, 1961 முதல் வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். 1974இல் 'பால்வீதி' வெளிவந்தது. ஐக்கூவையும் கசலையும் தமிழுக்குப் பழக்கியவர்களுள் அவர் முதன்மையானவர். 'ஆலாபனை' 1999இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 2017இல் மறைந்தார்.

மாதச் சம்பளம் வருகிறவருக்கு மறுப்பது எளிது என்பார் உளர். அது நேர்மையான கூற்றன்று. 1991இல் விருப்ப ஓய்வு பெற்று வெளியேறிய பின்னரும் அவர் திரைத்துறைப் பக்கம் திரும்பவில்லை. மெட்டு முதலில் பிறந்து, சொல் அதற்கேற்ப உடலைக் குறுக்கிக்கொள்ளும் தொழில் அது. (திருவிழாவுக்காகத் திரைமெட்டொன்றில் பக்திச் சொற்களை நாமே திணித்த குற்றம் ஒருமுறை நிகழ்ந்ததுண்டு, அந்த நெருக்கடி நமக்கும் தெரியும்.) தன் சொல்லை விலைக்கு விடாத அவ்வுறுதி போற்றுதற்குரியதே.

ஆனால் அம்மி என்ன பாவம் செய்தது? அரைத்தரைத்து வழுவழுப்பாகிவிட்ட கல்லில் மிளகாய் மசியாது; வழுக்கும். உளியும் சுத்தியலும் ஏந்தி மதுரைத் தெருக்களில் குரல் கொடுத்து வந்தவர்கள், திண்ணையோரம் அமர்ந்து அக்கல்லுக்கு மீண்டும் பல் கொடுத்துச் சென்றனர். அன்று வீட்டில் குழம்பு கொதித்தது. நாசரேத்தூர்த் தச்சுப் பட்டறையை நினைப்பவர்க்கு இத்தகைய கைவேலை இழிவாகத் தோன்றாது. நெசவு செய்தபடியே பாடிய கபீரை, கசல் மரபில் தோய்ந்த கவிக்கோ அறியாதவரும் அல்லர்.

திரைப்பாட்டு முழுவதும் அம்மியும் அன்று. 1959இல், முப்பது வயதும் நிரம்பாமல் மறைந்த பட்டுக்கோட்டை கலியாணசுந்தரத்தின் பாடல்கள் உழவர் நாவில் ஏறின. திரைக்கே வாழ்நாளைக் கொடுத்த கண்ணதாசன்தான் நமக்கு 'இயேசு காவியம்' தந்தார்.

ஆதலால் மறுப்பை ஏற்கிறோம். உவமையை ஏற்க மனம் வரவில்லை. ஒருவன் தனக்குரியதல்லாத பணியை விலக்கலாம். அப்பணியைச் செய்பவனைத் தாழ்வாக எண்ண அது உரிமை தருமா?

இதற்கு விடையைக் கவிக்கோவின் வாழ்விலேயே தேடத் தோன்றுகிறது. ஆண்டுதோறும் புதிதாக வந்தமர்ந்த மாணவர்க்குப் பழைய பாடங்களையே முப்பதாண்டுகள் சலியாது கற்பித்தார். கவிதை எழுதத் துடித்த இளைஞர் பலரைத் தட்டிக் கொடுத்து வளர்த்தார். வழுக்கிப் போன கல்லின்முன் அமர்ந்து, புள்ளி புள்ளியாக உளி வைத்த வேலைதானே அது?