பள்ளி வாசலில் ஒரு கேள்வி

கடந்த கல்வியாண்டு முடிந்த மே மாதத்தில், ஒரு மாலைப் பொழுதில், பங்கு இல்லத் திண்ணையில் ஓர் அன்னை வந்து நின்றார். பீடி சுற்றிப் பிழைப்பவர், கணவர் கொத்தனார். அவர்களுடைய மகள் கோவிலை ஒட்டியுள்ள நமது உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்திருந்தாள். “சாமி, பிள்ளைய ஆறாம் வகுப்புக்குக் கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல சேர்க்கலாம்னு இருக்கோம். நம்ம பள்ளிக்கூடத்த விட்டுட்டுப் போறது பாவமா?” என்று கேட்டார்.

நாம் உடனே விடை கூறவில்லை. அந்தத் தயக்கத்திற்கு இறையியல் காரணமல்ல என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம். ஆகஸ்டு முதல் நாளில் பதிவேட்டிலுள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டே உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. நம் பள்ளியில் ஏற்கெனவே ஓர் ஆசிரியை உபரியாகும் நிலையில் இருந்தார். பள்ளியின் தாளாளர் என்ற முறையில் நம் மனம் முதலில் ஓடியது அந்தப் பதிவேட்டிடம்தான். சிறுமியின் நினைவு பிறகே வந்தது.

அன்னையின் காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டத்தைத் தமிழகம் 2020இல் இயற்றியது. 2021இல் பொறியியல் முதலிய தொழிற்கல்விக்கும் அத்தகைய ஒதுக்கீடு வந்தது. உதவிபெறும் பள்ளிகளில் பயிலும் ஏழைப் பிள்ளைகளுக்கு அச்சட்டங்களில் இடம் அளிக்கப்படவில்லை. அரசுப் பள்ளிக்கும் நம் தமிழ்வழிப் பள்ளிக்கும் இடையே ஒரு தெருவே இருக்கலாம். இரண்டிலும் பிள்ளைகள் அதே பாடநூலைப் படிக்கலாம். ஆயினும் ஒரு கொத்தனாரின் மகள் மருத்துவராகும் வாய்ப்பு அந்தத் தெருவைக் கடப்பதைப் பொறுத்திருக்கிறது.

திருச்சபை என்ன கூறுகிறது? பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், 28 அக்டோபர் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் அறுதியிட்டது. பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்கு உண்மையான உரிமை வேண்டும் என்றும் கூறியது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 798ஆம் எண்ணில் கத்தோலிக்கக் கல்வி தரும் பள்ளிகளிலேயே பிள்ளைகளைச் சேர்க்குமாறு பணிக்கிறது; அது இயலாதபோது பள்ளிக்கு வெளியே அக்கல்வி கிடைக்குமாறு பார்த்துக்கொள்ளும் கடமையைப் பெற்றோர்மீது வைக்கிறது. முற்பகுதியை நாம் மறையுரைகளில் எடுத்துரைத்துள்ளோம். பிற்பகுதியைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை.

வீட்டிலேயே கற்பிக்கும் முறையை நம் மக்களில் மிகச் சிலரே நாடுகின்றனர். நாள் கூலிக்குச் செல்லும் குடும்பத்தில் யார் அமர்ந்து கற்பிப்பது? எனினும் அதை இகழ வேண்டியதில்லை. சிறுமலர் தெரசம்மாள் தொடக்கத்தில் வீட்டிலேயே அக்காளிடம் பாடம் கற்றார். பிறகு பெனடிக்டின் சபைக் கன்னியரின் பள்ளியில் கழித்த ஏறத்தாழ ஐந்தாண்டுகளைத் தம் வாழ்வின் மிகத் துயரமான காலம் என்று அவரே எழுதியிருக்கிறார். கன்னியர் நடத்தும் பள்ளி என்பதனாலேயே ஒரு பிள்ளை அங்கு மலர்ந்துவிடும் என்பதற்கில்லை.

இதைவிட நெருக்கமாக நம்மைத் தொடுவது புனித அகுஸ்தினாரின் இளமை. வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே ஊரில் 354இல் பிறந்தவர் அவர். தந்தை பத்ரிசியுஸ் பெருஞ்செல்வர் அல்லர். மகனைக் கார்த்தேஜ் நகருக்கு அனுப்பத் தம் வசதிக்கு மீறிச் செலவிடத் துணிந்தார். ஊரார் அவரைப் புகழ்ந்தனர். மகன் நாவன்மை பெறுகிறானா என்று கவலைப்பட்ட அத்தந்தை, இறைவன் முன் அவன் எவ்வாறு வளர்கிறான் என்று கவலைப்படவில்லை என அகுஸ்தினார் தம் நூலில் வருந்துகிறார். அன்னை மோனிக்காவுக்கும் அந்த ஆசையில் பங்கு இருந்தது. படிப்பு மகனை இறைவனிடம் கொண்டுசேர்க்கத் துணைசெய்யும் என்று அவர் நம்பினார். கார்த்தேஜுக்கான பணம் சேரும்வரை பதினாறு வயது அகுஸ்தின் ஓராண்டு வீட்டிலிருந்தார். பேரிக்காய்த் திருட்டு நடந்தது அந்த ஆண்டில்தான். மோனிக்கா போன்ற ஓர் அன்னை வாழ்ந்த வீட்டிலிருந்தபோதுதான்.

வட்டிக்குக் கடன் வாங்கி ஆங்கிலவழிப் பள்ளியின் கட்டணத்தைச் செலுத்தும் நம் தந்தையரைக் காணும்போதெல்லாம் பத்ரிசியுஸ் நினைவுக்கு வருகிறார். அவர்களது தியாகத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கன்னியர் நடத்தும் பள்ளியில் இடம் கிடைக்கப் பங்குத்தந்தையின் கடிதம் கேட்டு வருவோர், இடம் கிடைத்தபின் ஞாயிறு காலையில் பிள்ளையைத் தனிப்பயிற்சிக்கு அனுப்புகின்றனர். “மறைக்கல்விதான் பள்ளியிலேயே நடத்துறாங்களே, பாதர்” என்பார்கள். இத்தனை ஆண்டுகளில் அவர்களுள் ஒருவரும் அது பாவமா என்று நம்மிடம் கேட்டதில்லை. கேட்டவர் பீடி சுற்றும் அந்த அன்னை ஒருவரே.

முழுவதும் அரசு நிதியில் நடைபெறும் பள்ளியில் சமய போதனைக்கு இடமில்லை என்று நம் அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பு கூறுகிறது. சமய வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளும் அமரும் பள்ளியில் அது முறையானதே. ஆகவே அரசுப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், நம் பள்ளி செய்துவந்த ஒரு பணியைத் தம் கையில் எடுத்துக்கொள்கின்றனர். திருமுழுக்கு நாளில் அவர்கள் ஏற்றுக்கொண்ட பொறுப்புத்தான் அது. பள்ளியில் நடக்கிறதே என்ற நிம்மதியில் அவர்களும் நாமும் அதை மறந்திருந்தோம்.

“பாவமில்லையம்மா, ஆனால் அவளுக்கு மறைக்கல்வி எப்படிக் கிடைக்கும்?” என்று கேட்டோம். அந்த அன்னை நம்மை ஏறிட்டுப் பார்த்து, “ஞாயித்துக்கிழமை வைங்க சாமி, கூட்டியாரேன்” என்றார்.

உண்மையில் ஞாயிறு மறைக்கல்வி நம் பங்கில் இல்லை. புதுநன்மைத் தயாரிப்பைத் தவிர மற்ற யாவும் பள்ளி நேரத்திலேயே, நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே நடைபெற்று வந்தன. கத்தோலிக்கமல்லாத பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்குத் திருச்சபை தனிப்பட்ட அன்புடன் துணைநிற்க வேண்டும் என்று அதே சங்க அறிக்கை கூறுவதை நாம் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதியவர்கள். ஆனால் அரசுப் பள்ளிக்குச் செல்லும் பங்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அன்றுவரை எண்ணிப் பார்க்கவில்லை. அன்பியப் பொறுப்பாளர்களை அனுப்பிக் கணக்கெடுத்தோம். இருபத்து மூன்று பேர்.

சூன் மாதத்தில் மாற்றுச் சான்றிதழ் கொடுத்தனுப்பினோம். ஆகஸ்டில் நாம் அஞ்சியபடியே ஒரு பணியிடம் போயிற்று. அந்த ஆசிரியை வேறு பள்ளிக்கு மாறிச் செல்லும் நாளில் அழுதார். அவருக்குக் கூறத்தக்க ஆறுதல் நம்மிடம் இருக்கவில்லை. ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் பள்ளியின் மேற்கு வகுப்பறையில் மறைக்கல்வி தொடங்கியது. முதல் வாரம் ஒன்பது பிள்ளைகள் வந்தனர். அந்த அன்னை பாடம் முடியும்வரை வராந்தாவில் அமர்ந்திருந்தார். மடியில் பீடித் தட்டு இருந்தது. ஓய்வு நாளில் வேலையா என்று கண்டிக்க நமக்கு வாய் வரவில்லை.