பரிசிலும் உரிமையும்

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவரும் வாரத்தில், மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பிரதான வீதியில் பயணஞ் செய்கின்றவர் ஒரு காட்சியைக் காணத் தவறமாட்டார். பாடசாலை மதில்களிலும் மின்கம்பங்களிலும் கடைவாசல்களிலும் பத்து வயதுக் குழந்தைகளின் படங்கள் தொங்கும். படத்தின் கீழே பெயர். பெயரினும் பெரிய எழுத்தில் புள்ளி. பாடசாலையின் வாழ்த்து ஒருபுறம். ரியூஷன் வகுப்பு நடத்தியவரின் வாழ்த்து மறுபுறம். வாழ்த்துகின்றவரின் படம் வாழ்த்தப்படும் குழந்தையின் படத்தைவிடப் பெரிதாக இருப்பதும் உண்டு. இது நமது கரையோரத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று; நாடு முழுவதும் இதுவே நிலை.

மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஆண்டுதோறும் இப்பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். மாவட்டத்துக்கு மாவட்டமும் மொழிக்கு மொழியும் வேறுபடும் வெட்டுப்புள்ளியை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினரே தாண்டுகின்றனர். எஞ்சிய ஐந்து பங்கினருக்கும் பத்து வயதிலேயே ஒரு தீர்ப்பு வழங்கப்படுகின்றது. அத்தீர்ப்பைப் பரீட்சைத் திணைக்களம் எழுதுவதில்லை. வீடும் ஊரும் எழுதுகின்றன. “பிள்ளை பாஸாகவில்லை” என்பதே அது. குழந்தையின் மனம் புண்படுகின்றது என்று இரங்குவோர் பலர். அவ்விரக்கம் வேண்டியதே, ஆயினும் இங்கு நான் எழுப்ப விரும்புவது வேறொரு கேள்வி. ஒரு குழந்தை பெற்ற புள்ளி, அக்குழந்தைக்குச் சமுதாயம் எதைக் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளது என்பதைத் தீர்மானிக்கலாமா?

இப்பரீட்சை தீய நோக்கத்துடன் பிறந்ததன்று. கட்டணம் செலுத்தக் கூடியவர்களுக்கு ஆங்கிலப் பாடசாலை, ஏனையோருக்குச் சுயமொழிப் பாடசாலை என்று கல்வி இரு சாதிகளாகப் பிரிந்து கிடந்த காலம் அது. 1943 இல் வெளிவந்த விசேட கல்விக்குழுவின் அறிக்கையும், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் விடாப்பிடியும் சேர்ந்து 1945 இல் இலவசக் கல்வியை நிலைநாட்டின. கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. அவற்றின் விடுதிகளில் தங்கிப் படிப்பதற்கு ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அவ்வழியே இப்பரீட்சை. நமது பகுதிக்கும் அக்காலம் ஒரு விழிப்பின் காலம். 1942 இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ. எம். ஏ. அஸீஸ், யுத்தகால உணவுற்பத்திக்காக நிலந் திருத்தும் வேலையினூடே, கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் அவ்வாண்டிலேயே தோற்றுவித்தார். தகுதியுள்ள எந்த மாணவனும் வறுமையால் கல்வியை இழந்துவிடலாகாது என்ற நோக்குடன் 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை அமைத்தவரும் அவரே. அந்தத் தலைமுறையின் உழைப்பில் விளைந்தவர்கள்தாம் நமது ஊர்களின் முதல் வைத்தியர்களும் பொறியியலாளரும் பட்டதாரி ஆசிரியர்களும்.

ஆகவே இப்பரீட்சையைக் குறைகூறும்போதெல்லாம் ஒரு மறுப்பு எழுவது இயல்பு. ஆசிரியர் அறையில் மூத்தவர் ஒருவர் அதனை அழகாகச் சொல்வார்: “தம்பி, வாப்பா ஆரு எண்டு கேட்காத வாசல் நம்மட நாட்டில இது ஒண்டுதான். அதையும் பூட்டிப் போடாதீங்க.” இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பெயர்பெற்ற பாடசாலைகளில் முதலாம் ஆண்டு அனுமதி எப்படி நடைபெறுகின்றது என்பதை அறியாதார் யார்? வீட்டு முகவரி, பழைய மாணவர் உறவு, செல்வாக்குள்ளவரின் கடிதம் என்று எத்தனையோ திறவுகோல்கள். கரைவலை இழுக்கின்றவனின் மகனுக்கு அவற்றில் ஒன்றுமில்லை. விடைத்தாள் மட்டுமே அவனுக்குரிய கடிதம். பரீட்சையை நீக்கிவிட்டு ஏனைய யாவற்றையும் இருந்தபடியே விட்டால், அவ்விடத்தைச் செல்வாக்கே பிடித்துக்கொள்ளும். அந்த அளவில் மூத்தவரின் பக்கமே நானும்.

ஆனால் அந்த வாசலுக்கு வந்து சேருகின்றவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். இன்று மூன்றாம் ஆண்டிலேயே ஆயத்தம் தொடங்கிவிடுகின்றது. பாடசாலை விட்டதும் மேலதிக வகுப்பு. பின்னேரம் குர்ஆன் மத்ரஸா. இரவில் மாதிரி வினாத்தாள். பரீட்சைக்குச் சில நாட்கள் இருக்கையில் ரியூஷன் வகுப்புகளையும் மாதிரி வினாத்தாள் விநியோகத்தையும் தடைசெய்து திணைக்களம் ஆண்டுதோறும் அறிவித்தல் விடுகின்றது. பத்து வயதுக் குழந்தையைச் சற்று மூச்சுவிட வைப்பதற்குச் சட்டம் வேண்டியிருக்கின்ற நாடு நமது நாடு! 2024 ஆம் ஆண்டுப் பரீட்சையின் வினாக்கள் சில முன்னரே வெளிப்பட்டு விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றதையும் மறந்துவிடலாகாது. பண்டம் மதிப்புடையதாகும்போது அதற்குக் கள்ளச்சந்தையும் உண்டாகிவிடுகின்றது. மருதமுனையில் தறி நெய்கின்ற குடும்பமும் கல்முனைக் கடைத்தெருவில் வாணிபஞ் செய்கின்ற குடும்பமும் ஒரே மண்டபத்துக்குத் தம் பிள்ளைகளை அனுப்புகின்றன என்பது உண்மை. ஒரே தூரத்தை ஓடி வந்து அனுப்புகின்றன என்பது உண்மையன்று.

இந்த ஆயத்தம் அறிவை என்ன செய்கின்றது என்பதைத் தமிழாசிரியன் நன்கு காண்கிறான். ஆறாம் ஆண்டு மாணவரிடம் ‘மழைநாள்’ பற்றி எழுதச் சொன்னால் பத்துக் கொப்பிகளில் ஏழில் மயில் தோகை விரித்தாடும். மாரியில் முற்றத்து வெள்ளம் குசினிக்குள் வருவதையும், கடலுக்குப் போகவியலாது தந்தையர் வீட்டிலே குந்தியிருப்பதையும் நாள்தோறும் காணும் பிள்ளைகள் இவர்கள். தாங்கள் கண்டதற்குப் புள்ளி இல்லை என்று அவர்களுக்கு யாரோ நன்றாகவே கற்பித்திருக்கிறார்கள்.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘புலமைப்பரிசில்’ என்கிறோம். பரிசில் என்பது நமது பழைய இலக்கியத்தில் வேரோடிய சொல். புரவலன் தன் விருப்பால் புலவனுக்குக் கொடுப்பது அது. கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம், கொடுத்தல் எளிது, வருவோரின் தரமறிதலே அரிது, எல்லோரையும் ஒரே பார்வையாற் பார்த்துவிடாதே என்று சொல்லும் புறநானூற்றுப் பாட்டொன்று உண்டு. தன்னை நேரிற் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்த பெருஞ்சித்திரனாரையும் அத்தொகையே காட்டுகின்றது. பரிசிலுக்குத் தரம் பார்த்தல் முறைதான். புரவலன் யாருக்கும் கடன்பட்டவன் அல்லன். ஆனால் இலவசக் கல்வி என்பது அரசன் அளிக்கும் யானையா? அது வரி கொடுத்தும் வயல் விதைத்தும் வலை இழுத்தும் மக்கள் தமக்குத் தாமே ஈட்டிக்கொண்டது. கடன்பட்டவன் கடன் கொடுத்தோரை வரிசையில் நிறுத்தி, “உங்களுள் கெட்டிக்காரருக்கு மட்டும் திருப்பித் தருவேன்” என்று சொல்வானாயின் அவனை நாம் என்ன பெயரால் அழைப்போம்?

இப்பரீட்சையின் குறை அது தெரிவு செய்கின்றது என்பதன்று. விடுதிக் கட்டில்கள் நூறும் விண்ணப்பங்கள் ஆயிரமும் இருக்கையில் ஏதோ ஒரு தெரிவு வேண்டியதே. தெரிவு செய்யப்படாதவருக்கு அவர்களுக்குரியது கிடைத்துவிட்டது என்ற நிம்மதியை அது நமக்குத் தந்துவிடுகின்றது. குறை அங்கேயே இருக்கின்றது. நல்ல பாடசாலைகள் போதாமை என்ற பொதுக் குற்றம், பத்து வயதுப் பிள்ளையின் தனிக் குற்றமாக ஒரே காலையில் மாறிவிடுகின்றது. களவெட்டியில் சுளகெடுத்துத் தூற்றுகின்றவன் நெல்லையும் பதரையும் பிரிக்கிறான். அதனால் விளைச்சல் ஒரு மரைக்காலும் கூடுவதில்லை என்பதை அவன் அறிவான். எண்பது ஆண்டுகளாகத் தூற்றிக்கொண்டிருக்கும் நாமோ அதனையே வேளாண்மை என்று எண்ணத் தலைப்பட்டுவிட்டோம். பல்லாண்டுகளாக மாதம் ஆயிரம் ரூபாவைக்கூட எட்டாதிருந்த உதவித்தொகைக்காகவா பெற்றோர் இத்தனை பாடுபட்டனர்? இல்லை. வேறொரு பாடசாலைக்குள் நுழையும் உரிமைக்காக. அதாவது, தம் ஊர்ப் பாடசாலையிலிருந்து தப்பிச் செல்வதற்காக.

தப்பிச் சென்றவரைக் கொண்டு பெரிய பாடசாலைகள் பெயர் வாங்குகின்றன. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகள் கல்முனை ஸாஹிராவுக்கும் மஹ்மூத் மகளிர் கல்லூரிக்கும், இன்னும் தொலைவிலுள்ள தேசியப் பாடசாலைகளுக்கும் செல்வர். ஆறாண்டுகளின் பின் சாதாரண தரப் பெறுபேறு வெளிவரும். பெரிய பாடசாலையின் வீதம் உயர்ந்திருக்கும். சிறிய பாடசாலையின் வீதம் தாழ்ந்திருக்கும். உடனே நாம் முன்னதன் ஆசிரியரைப் புகழ்ந்து பின்னதன் ஆசிரியரைப் பழிக்கிறோம். அந்த வீதம் எதை அளந்தது? வாசிக்கத் தெரியாமல் வந்த பிள்ளையைப் பத்திரிகை வாசிக்க வைத்த ஆசிரியையின் உழைப்பு அதில் எந்த இலக்கத்தில் இருக்கின்றது? இக்கேள்வியை நாம் கேளாவிட்டால், அடுத்த படியில் பாடசாலை வேறொரு வழியைக் கண்டுகொள்ளும். நலிந்த மாணவனை வேறிடம் பார்க்கச் சொன்னாலும் வீதம் உயரும். அவனுக்குக் கற்பிப்பதைவிட அது எளிது.

இது கற்பனை அச்சமன்று. ஐக்கிய அமெரிக்காவில் 2002 இல் கையெழுத்தான கல்விச் சட்டமொன்று, பரீட்சைப் புள்ளி உயராத பாடசாலைகளுக்குத் தண்டனை விதித்தது. அட்லாண்டா நகரின் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளில் புள்ளிகள் வியக்கத்தக்க வகையில் உயர்ந்தன. 2011 இல் வெளிவந்த விசாரணை அறிக்கை 44 பாடசாலைகளில் மோசடி நிகழ்ந்ததையும், 178 அதிபர் ஆசிரியர்களுக்கு அதிற் பங்கிருந்ததையும் வெளிப்படுத்தியது. பிள்ளைகளின் பிழையான விடைகளை அழித்துச் சரியானவற்றை நிரப்பியவர்கள் ஆசிரியர்களே. 2015 இல் பதினொருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவர்களைக் கயவர் என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனினும் அங்கு ஏமாற்றப்பட்டவர் அரசாங்கத்தார் மட்டுமல்லர். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று சான்று எழுதப்பட்டபோது, அப்பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய உதவி களவாடப்பட்டது.

இத்தகைய அளவுகோல்களை முதன்முதலில் ஆக்கியோரின் நோக்கம் யாது? பிரெஞ்சு அறிஞர் அல்பிரட் பினே 1905 இல் தமது சோதனையை வெளியிட்டது, பாரிஸ் நகரப் பாடசாலைகளில் மேலதிக உதவி வேண்டிய பிள்ளைகள் யாவர் என்று கண்டறிவதற்காகவே. அறிவு மாறாத ஓர் அளவு என்ற கருத்தை அவர் கண்டித்தார். பிறர் கையிற் சென்றதும் அதே கருவி பிள்ளைகளை வரிசைப்படுத்தி ஒதுக்கும் கருவியாயிற்று. மருத்துவன் காய்ச்சல் பார்க்க வைத்திருக்கும் கருவியைக் கொண்டு, காய்ச்சல் உள்ளவனுக்கு மருந்தில்லை என்று சொல்வது போன்றது இது.

புள்ளி தனித்துப் பேசுவதில்லை என்பதை நமது நாடே ஒப்புக்கொண்டிருக்கின்றது. 1970களின் முற்பகுதியில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாகத் தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோது அது தமிழ்மொழி மூல மாணவருக்கு இழைக்கப்பட்ட அநீதி. அதன் காயம் இன்னும் ஆறவில்லை. அதனையும், பின்வந்த மாவட்ட அடிப்படையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது நம்மவர் வழக்கம். பின்னது வசதியீனத்தைக் கணக்கிலெடுக்க முயன்றது. அம்பாறை இன்றும் கல்வியிற் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுள் ஒன்றாகவே பல்கலைக்கழக அனுமதியிற் கொள்ளப்படுகின்றது. புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியும் மாவட்டந்தோறும் வேறுபடுகின்றது. இதன் பொருள் என்ன? பிள்ளையின் புள்ளியில் அதன் ஊரும் பாடசாலையும் கலந்திருக்கின்றன என்பதே. மாவட்டத்துக்கு மாவட்டம் இதனை ஒப்புக்கொள்ளும் நாம், ஒரே மாவட்டத்துள் தெருவுக்குத் தெரு இதே உண்மை உண்டென்பதை மட்டும் மறுக்கிறோம். சாய்ந்தமருதில் கடலோரமாக, 2004 டிசம்பர் 26 இல் கடல்கோள் அள்ளிச் சென்ற வரிசையில் வாழ்ந்த குடும்பமும் பிரதான வீதிக்கு மேற்கே வாழ்ந்த குடும்பமும் ஒரே மாவட்டந்தான், ஒரே வெட்டுப்புள்ளிதான்.

1958 இல் ஆங்கிலேயச் சமூகவியலாளர் மைக்கேல் யங், திறமையுள்ளோரே ஆளும் ஒரு வருங்காலச் சமுதாயத்தைக் கற்பனை செய்து நூலொன்று எழுதினார். அது ஓர் அங்கதம், எச்சரிக்கை. பழைய பிரபுவுக்குத் தன் செல்வம் பிறப்பால் வந்தது என்பது தெரியும். அதனால் எங்கோ ஒரு மூலையில் அவனுக்குக் கூச்சம் இருந்தது. புதிய பிரபுவோ எல்லாம் தன் தகுதியால் வந்தது என்று நம்புகிறான்; கீழே நிற்பவனும் தன் தாழ்வு தன் தகுதியீனமே என்று நம்பிவிடுகிறான். அந்நூலின் தலைப்பிலிருந்த சொல்லை அரசியல்வாதிகள் புகழ்மொழியாக எடுத்துக்கொண்டதைக் கண்டு 2001 இல், தமது முதுமையில், அவரே மனம் நொந்து எழுத நேர்ந்தது. வர்க்க வேறுபாட்டுக்கு இதைவிட உறுதியான காவல் வேறில்லை. பொலிஸ் வேண்டாம், பெறுபேற்றுத் தாள் ஒன்று போதும்.

அவ்வாறாயின் நடைமுறையில் செய்வது யாது என்று வாசகர் கேட்பர். பரீட்சையை மாற்றுவோம், நீக்குவோம் என்ற பேச்சு அரசாங்கங்கள் பலவற்றின் காலத்தில் எழுந்து அடங்கியிருக்கின்றது. அதிலே எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை. ஒரு வேலையை நாளையே தொடங்கலாம். ஐந்தாம் ஆண்டில் எத்தனை பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினர் என்று எண்ணும் பாடசாலை, மூன்றாம் ஆண்டில் எத்தனை பேர் ஒரு பந்தியைப் பிழையின்றி வாசிக்கின்றனர் என்றும் எண்ணி ஊரறியச் சொல்லட்டும். எண்ணிக்கை குறைந்த இடத்துக்கு நல்ல ஆரம்ப வகுப்பு ஆசிரியர்கள் முதலிற் செல்லட்டும். பெரிய பாடசாலையில் ஆசிரியர் மிகுந்தும் கடலோரச் சிறிய பாடசாலையில் குறைந்தும் இருப்பது இயற்கையின் நியதியன்று. இடமாற்றப் பட்டியலில் மனிதர் எழுதியது.

2021 இல் சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரி மூன்று மாதங்களுக்கு மேல் போராடிய ஆசிரியர் சங்கங்கள் இந்த ஆசிரியர் பங்கீட்டையும் தம் கோரிக்கைகளுள் ஒன்றாகச் சேர்க்கலாம். சேர்த்தால் முதல் எதிர்ப்பு அமைச்சிலிருந்து வராது. நமது ஆசிரியர் அறைகளிலிருந்தே வரும். பெரிய பாடசாலையை விட்டுச் சிறிய பாடசாலைக்குச் செல்லக் கையொப்பமிடுவோர் நம்முள் எத்தனை பேர்? சிறிய பாடசாலையிற் கற்பிக்கும் நம்முள் எத்தனை பேர் தம் பிள்ளையையும் அங்கேயே சேர்த்திருக்கிறோம்?