நலம் பெற்றவர் யார்?

தென்னையிலிருந்து தவறி விழுந்து முதுகெலும்பு முறிந்த ஒருவர், பல மாத மருத்துவத்திற்குப் பின் பழனியை அடுத்த கீரனூருக்குத் திரும்புகிறார் எனக் கொள்வோம். பார்க்க வருவோர் அனைவரும் கேட்பது ஒன்றே: “பழையபடி ஆகிவிடுமல்லவா?” அன்பினால் எழும் வினாதான். ஆயினும், விபத்துக்கு முந்திய நாளையே அது அளவுகோலாகக் கொள்கிறது.

முறிந்த எலும்பு கூடும். சிதைந்த தண்டுவடமோ பெரும்பாலும் முழுமையாக மீள்வதில்லை. எனவே, அக்கோலால் அளந்தால் அவர் என்றென்றும் தோற்றவரே. அவருடைய கணக்கோ நாளடைவில் வேறாகக்கூடும். படுக்கைப்புண் இன்றி ஒரு மாதம் கழிவதும், பிறர் தூக்கிவிடாமல் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவதும், மகளின் வீட்டுப்பாடத்தைத் திருத்திக் கொடுப்பதும் அவருக்கு நலத்தின் படிகளாகின்றன.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பின்னர், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவ நிலையம் உருவாகக் காரணமானார். தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியின் எஸ். இராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். 1981-இல் தம் ஊரிலேயே மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தை நிறுவினார். இருவர் உடலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அவர்கள் நலம் பெறவில்லை எனச் சொல்ல நமக்குத் துணிவு உண்டா?

ஆயினும், இவர்களைக் காட்டித் துயருறும் மற்றொருவரைக் கடிந்துகொள்வது கொடுமை. இழந்ததற்காக அழுவது அவரது உரிமை. நம் மன ஆறுதலுக்காக அவர் புன்னகைக்க வேண்டியதில்லை. மேலும், தனிமனித உறுதி மட்டுமே எவரையும் எழுப்பிவிடுவதில்லை. இராமகிருஷ்ணன் தம் சங்கத்திற்கு, தமக்கு மருத்துவம் செய்த படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே சூட்டினார். துணைநின்றவரை அவர் மறக்கவில்லை. வாசலில் ஒரு சாய்தளம், அமர்ந்து செய்யத்தக்க ஒரு தொழில், கோவில் திருவிழாவில் ஓர் இடம் ஆகியவற்றை அளிக்க வேண்டியவர்கள் நாமே. ஆகவே, அவர் நலம் பெறுவதில் ஒரு பங்கு நம் கையில் உள்ளது.

உயிர்த்த ஆண்டவரின் உடலிலும் காயங்கள் இருந்தன. தழும்பு மறைந்தால்தான் நலம் என நாம் கொள்வது எங்ஙனம்? அடுத்த முறை அவ்வீட்டிற்குச் செல்கையில், “இப்போது என்ன செய்ய விரும்புகிறீர்கள்?” எனக் கேட்போம். அவர் விடை சொல்லி முடிக்கும்வரை உடன் அமர்ந்திருப்போம்.