நிறுவலும் நம்பிக்கையும்: கணினியின் சாட்சியம் பற்றிய ஒரு மெய்யியல் நோக்கு

அறிவு எவ்வழியாற் பெறப்படுகின்றது என்னும் வினாவுக்கு விடைகாணப் புகுந்த தமிழ் நூலார் அளவைகள் பலவற்றை வகுத்தனர். மணிமேகலையும் சிவஞானசித்தியாரும் இவற்றை விரிவாக ஆராய்கின்றன. அவற்றுள் மூன்று இங்கு நமக்கு வேண்டுவன. புலன்வழி அறிவது காண்டல்; ஏதுவைக் கொண்டு துணிவது கருதல்; நம்பத்தக்கோர் கூற்றை ஏற்று அறிவது உரை. கணிதம் கருதலின் தூய வடிவமெனக் காலங்காலமாகப் போற்றப்பட்டு வந்துள்ளது. யூக்கிளிட்டை நம்புமாறு எவரும் நம்மைக் கேட்பதில்லை. அவர் நிறுவலின் ஒவ்வொரு படியையும் நாமே நடந்து பார்க்கலாம். அறிஞனும் மாணவனும் நிறுவலின் முன் சமமானவர்கள் என்பதே கணிதத்தின் அறப்பெருமை எனலாம்.

இப்பெருமை கடந்த அரை நூற்றாண்டிற் சோதனைக்குள்ளாயிற்று. எந்தத் தேசப்படத்தையும் அடுத்தடுத்த நாடுகள் ஒரே நிறம் பெறாதவாறு நான்கு நிறங்களால் தீட்டலாம் என்னும் தேற்றத்தை 1976 இல் அப்பெல், ஹாக்கென் என்னும் இருவர் இலினோய் பல்கலைக்கழகத்திலே கணினியின் துணைகொண்டு நிறுவினர். கணினி ஆராய்ந்த வகைகள் அனைத்தையும் மனிதர் கையாற் சரிபார்த்தல் இயலாததாயிற்று. கோளங்களை மிக நெருக்கமாக அடுக்கும் முறை பற்றி 1611 இல் கெப்லர் கூறிய ஊகத்துக்குத் தோமஸ் ஹேல்ஸ் 1998 இல் நிறுவல் தந்தபோது, அதனை ஆராய்ந்த பன்னிரு மதிப்பீட்டாளர் குழு பல ஆண்டுகள் உழைத்தும் தொண்ணூற்றொன்பது வீத உறுதிக்கு மேற் கூற முடியாது நின்றது. கணிதத்திலே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்பது வெற்றியன்று. அது ஐயத்தின் மறுபெயர்.

இவ்வையத்தைப் போக்கவே ஹேல்ஸ் நிறுவல் துணை மென்பொருள்களை நாடினார். இவை நிறுவலைத் தாமே கண்டுபிடிப்பதற்காக முதலில் ஆக்கப்பட்டவையல்ல. மனிதர் எழுதும் நிறுவலின் ஒவ்வொரு படியும் அளவையியல் விதிகளுக்கும் ஏற்றுக்கொண்ட வெளிப்படையுண்மைகளுக்கும் அமைந்துள்ளதா எனச் சோதிப்பதே இவற்றின் முதற்கடமை. கெப்லர் ஊகத்தின் நிறுவல் 2014 இல் எச்ஓஎல் லைற், இசபெல் என்னும் இரு மென்பொருள்களால் முழுமையாகச் சோதித்து முடிக்கப்பட்டது. நான்கு நிறத் தேற்றத்தை ஜோர்ஜ் கொந்தியே 2005 இல் கொக் என்னும் பிரெஞ்சு மென்பொருளில் அமைத்தார். 2025 இல் அம்மென்பொருள் ரொக் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

இங்கு ஒரு வினா எழுகின்றது. மென்பொருள் சரியென்றமையால் ஒரு தேற்றத்தை நாம் ஏற்கும்போது, அவ்வறிவு கருதலா, உரையா? நாமாகப் படிகளைத் தொடரவில்லை. ஒரு சாட்சியின் கூற்றையே ஏற்கின்றோம். ஆகவே அது உரையே என்பது என் துணிபு. உரை அளவையாதற்கு உரைப்போன் நம்பத்தக்கவனாதல் வேண்டும். எனவே, இம்மென்பொருள்களுள் எது வசதியானது என்பதனினும், எது எக்காரணம்பற்றி நம்பத்தக்கது என்பதே ஆழமான ஒப்பீடாகும்.

முதலாவது, நம்பவேண்டிய பகுதியின் அளவு. 1970களில் எடின்பரோவில் ரொபின் மில்னர் வகுத்த முறைப்படி, தேற்றம் என்னும் தகுதியை வழங்கும் அதிகாரம் ஒரு சிறு கருவுக்கே உண்டு. மற்றைய பகுதிகளிற் பிழை நேரினும் பொய்த்தேற்றம் பிறவாது. ஜோன் ஹரிசன் ஆக்கிய எச்ஓஎல் லைற்றின் கரு ஏறத்தாழ 400 வரிகளே கொண்டது. பொறுமையுள்ள ஒருவர் அதனை முழுவதும் வாசித்துவிடலாம். இரண்டாவது, மறுபரிசீலனைக்கு இடமளித்தல். ஒல்லாந்தில் டி புறுயின் 1967 இல் தொடங்கிய ஒற்றோமத் திட்டத்தின் வழிவந்த சிந்தனையின்படி, கொக், லீன் ஆகியவை நிறுவலையே ஒரு பொருளாகச் சேமித்து வைக்கின்றன. வேறொரு சிறு செய்நிரல் அதனை மீண்டும் சோதிக்கலாம். முன்னையது முத்திரையிட்டுவிட்டு ஆவணத்தை வைத்திராத அலுவலர் போன்றது. பின்னையது ஆவணத்தை எவரும் பார்க்குமாறு விட்டுவைப்பது. மூன்றாவது, மனிதர் வாசிக்கத்தக்க தன்மை. போலந்தில் திரிபுலெக் 1973 இல் தொடங்கிய மிசார், கணித நூலின் நடையையொத்த மொழியை உடையது. எனினும் அதன் சோதனைப் பகுதி எச்ஓஎல் லைற்றினது போலச் சிறியதன்று. ஒன்றிற் சிறந்தது பிறிதொன்றிற் குறைவுபடுதல் இயல்பே.

ஆயினும் எம்மென்பொருளும் தீர்க்கவியலாத ஒன்று எஞ்சுகின்றது. நிறுவப்பட்ட கூற்று நாம் கருதிய கூற்றுத்தானா என்பதே அது. லீன் மென்பொருளில் ஒன்றைப் பூச்சியத்தால் வகுத்தால் விடை பூச்சியம் என வரைவிலக்கணம் அமைந்துள்ளது. இயற்கை எண்களில் இரண்டிலிருந்து மூன்றைக் கழித்தாலும் பூச்சியமே. இதில் முரண்பாடு எதுவுமில்லை, வசதிக்கான உடன்பாடே. ஆனால் இதனையறியாதவர் ஒரு தேற்றத்தை எழுதினால், இயந்திரம் வேறொன்றை நிறுவி, அவர் கருதியதை நிறுவாதிருத்தல் கூடும். 2024 இல் அல்பாபுரூவ் என்னும் செயற்கை நுண்ணறிவு சர்வதேசக் கணித ஒலிம்பியாட் வினாக்கள் சிலவற்றுக்கு லீன் மொழியில் நிறுவல்களை ஆக்கியது. அப்போதும் வினாக்களை அம்மொழிக்கு மாற்றியமைத்தவர்கள் மனிதர்களே. நிறுவலையே இயந்திரம் ஆக்கத் தொடங்கிய பின்பும், பொருளுக்குப் பொறுப்பேற்கும் கடமை மனிதரிடமே தங்கிற்று என்பது நோக்கற்பாலது.

இயந்திரச் சோதனை விளக்கத்தைக் கொன்றுவிடும் எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் முற்றும் ஆதாரமற்றதன்று. சரியென்று அறிதல் வேறு, ஏன் சரியென்று விளங்குதல் வேறு. ஆனால் அனுபவம் மறுபக்கத்தையும் காட்டுகின்றது. ஜேர்மனியப் பேரறிஞர் பீற்றர் ஷோல்சே தமது தேற்றமொன்றின் நிறுவலில் தமக்கே ஐயமிருந்தமையால் 2020 டிசெம்பரில் அதனைச் சோதிக்குமாறு லீன் குழுவினரை அழைத்தார். 2022 யூலையில் அப்பணி நிறைவெய்தியது. அதனிடையே நிறுவலின் ஒரு பகுதி எளிமையும் பெற்றது. தம் புகழைக் காட்டி ஐயத்தை மறைக்காது, அதனை வெளிப்படுத்திய அவர் செயலில் அறிவின் அறம் விளங்குகின்றது.

எனவே, மென்பொருளைத் தேர்வோர் நூலகத்தின் பெருமையையும் பயன்படுத்துவோர் தொகையையும் மட்டும் நோக்குதல் போதாது. பிறர் மீண்டும் ஆராய இடந்தருவதே நல்ல சாட்சியின் இலக்கணம். சாட்சி எத்துணை நேர்மையுடையதாயினும் வினவுவோன் தான் வினவியது இன்னதென்று அறிந்திருத்தல் வேண்டும். நாளை ஆய்வேடுகளிற் கையொப்பமிடவிருக்கும் மாணவர், இயந்திரம் ஏற்றுக்கொண்டது என்னும் ஒரு சொல்லால் தம் பொறுப்பு நீங்கிவிட்டதாகக் கருதலாகாது. படிகளைச் சோதிக்கும் சுமையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். வரைவிலக்கணத்தையும் கூற்றையும் தாமே வாசித்து, இதுவே நான் கருதியது எனத் துணியும் சுமையை எவரிடமும் ஒப்படைத்தல் இயலாது.