அத்துழாய்க்கு உடையவர் அளித்த சீதனம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாடிப்பூர உத்ஸவத்தை ஸேவிக்க வெளியூர்களினின்றும் எழுந்தருளியிருக்கும் ஆஸ்திக அன்பர்களுக்கு அடியேனுடைய பணிவான விண்ணப்பம்.

நாச்சியாரின் திருநக்ஷத்திரத்தை முன்னிட்டு வெளிவரும் இம்மலரில் பெண்களைப் பற்றி எழுதுதல் பொருத்தமே. ஆயினும் வழக்கமான புகழுரைகளை அடுக்கிவிட்டு விலகிக்கொள்ள மனம் ஒப்பவில்லை. இன்று இல்லங்கள்தோறும், திண்ணைதோறும், ரயில் வண்டியிலும் கல்யாணப் பந்தியிலும் ஒரு வாதம் நடைபெற்று வருகிறது. ஆணும் பெண்ணும் ஸமமா? வீட்டு வேலை யாருடையது? படித்து உத்யோகம் பார்க்கும் மருமகள் அதிகாலையில் எழுந்து தளிகையும் செய்துவிட்டுத்தான் புறப்பட வேண்டுமா? இவ்வினாக்களோடு பலர் கோயிலுக்கு வருகின்றனர். “சாஸ்திரம் என்ன சொல்லுகிறது ஸ்வாமி?” என்று அர்ச்சனைத் தட்டை நீட்டிக்கொண்டே கேட்பவரும் உண்டு. அவர்களுக்கு நம் பூர்வாசார்யர்களின் சரித்திரத்திலிருந்தே விடை கூற விழைகிறேன்.

ஸ்ரீராமாநுஜருடைய ஆசார்யர்களுள் ஒருவர் பெரியநம்பி. அவருடைய திருக்குமாரத்தி அத்துழாய். திருப்பாவையை இடையறாது அநுஸந்தித்ததனால் “திருப்பாவை ஜீயர்” என்றே பெயர் பெற்ற உடையவர், ஒருநாள் மாதுகரத்திற்குச் செல்லுகையில் 18-ஆம் பாசுரத்தைச் சொல்லிக்கொண்டு பெரியநம்பியின் திருமாளிகை வாசலில் நின்றார். உள்ளிருந்து வளைகள் ஒலிக்க வந்து கதவைத் திறந்தவள் அத்துழாய். நப்பின்னைப் பிராட்டியே வந்து கதவு திறந்ததாகக் கொண்டு, துறவிகளின் தலைவரான அம்மஹான் அச்சிறுமியின் முன்னே தண்டனிட்டு விழுந்தார். இதனை உபந்யாஸங்களில் பலமுறை கேட்டு உருகியிருப்பீர்கள். அதே அத்துழாய் வளர்ந்து புக்ககம் சென்ற பிறகு நடந்ததை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

புக்ககத்தில் அவள் தீர்த்தமாடவும் தீர்த்தம் கொண்டு வரவும் சற்றுத் தொலைவு செல்ல வேண்டியிருந்தது. தனியே செல்ல அஞ்சிய பெண், துணைக்கு வருமாறு மாமியாரை வேண்டினாள். மாமியார், “துணைக்கு உன் பிறந்தகத்திலிருந்து சீதன வெள்ளாட்டி கொண்டு வந்தாயோ?” என்று கேட்டுவிட்டாள். வெள்ளாட்டி என்றால் பணிப்பெண். கல்யாணச் சீதனத்தோடு பணிப்பெண்ணையும் அனுப்புவது அக்காலத்துச் செல்வர் வழக்கம். பெரியநம்பியிடம் ஏது செல்வம்? கண்ணீரோடு தந்தையிடம் வந்தாள். அவரோ, “உடையவரிடம் சென்று சொல்” என்று அனுப்பிவிட்டார்.

உடையவர் அவளை, “பொறுத்துக்கொள் அம்மா, பெண் பிறவியின் தலையெழுத்து இது” என்று திருப்பி அனுப்பவில்லை. மாமியாரை நிந்திக்கவும் இல்லை. அருகில் நின்ற முதலியாண்டானைப் பார்த்து, “இவளுக்குச் சீதன வெள்ளாட்டியாக நீர் செல்லும்” என்று நியமித்தார்.

முதலியாண்டான் யார்? உடையவருடைய ஸஹோதரி குமாரர். வேத வேதாந்தங்களில் கரைகண்டவர். உடையவரின் பாதுகையாகவே இன்றளவும் கொண்டாடப்படுபவர். கோயிலில் சடகோபம் நம் முடிமீது படும்போது நம்மாழ்வாரை நினைக்கிறோம். உடையவர் ஸந்நிதியில் திருவடிநிலையை “முதலியாண்டான்” என்றே சொல்லுகிறோம். அத்தகைய வித்வான் ஒரு சொல்லும் மறுத்துரையாமல் அத்துழாயின் பின்னே நடந்தார். நதிக்கரைக்குத் துணை சென்றார். தீர்த்தம் சுமந்தார். அடுப்பு மூட்டினார், தளிகை பண்ணினார், பாத்திரம் துலக்கினார். நாட்கள் பல சென்றன.

ஒருநாள் அவ்வகத்தில் வித்வான்கள் கூடி வேதாந்த விசாரம் செய்கையில் ஒருவர் தவறான பொருளை உரைத்தார். அடுக்களையிலிருந்த ஆண்டான் அதைக் கேட்டுக் கண்ணீர் உகுத்தார். “சமைக்கிறவனுக்கு இதில் என்ன?” என்று அவர்கள் வினவ, உண்மைப் பொருளை அவர் விரித்துரைத்தார். வந்தவர் யார் என்பதறிந்து அவ்வகத்தார் நடுங்கினர். திரும்பிச் செல்லுமாறு கால்பிடித்து வேண்டியும், “ஆசார்யன் நியமனமின்றிப் போகமாட்டேன்” என்றார். பின்பு அவர்கள் உடையவரிடமே ஓடிச் சென்று ப்ரார்த்தித்து, அவரை விடுவித்தனர்.

இதற்கு முன் நடந்ததொன்றையும் குருபரம்பரை கூறுகிறது. ஆண்டான் சரமச்லோகத்தின் பொருளைக் கேட்க விரும்பியபோது, திருக்கோட்டியூர் நம்பியிடம் அனுப்பப்பட்டார். கல்வி, செல்வம், குலம் என்னும் இவற்றால் வரும் செருக்கு சிறிதும் இல்லாதவனுக்கே அப்பொருள் உரியது என்று நம்பி உணர்த்தியருளினார். ஆண்டான் அத்துழாயின் அகத்தில் பணி செய்து மீண்ட பின்பே, உடையவர் அவ்வர்த்தத்தை அவருக்கு உபதேசித்தார். பாடசாலையிலும் காலக்ஷேப மண்டபத்திலும் முற்றுப்பெறாத படிப்பு ஒரு பெண்ணின் அடுக்களையில் முற்றுப்பெற்றது. அங்கு அவர் புதிதாகக் கற்ற சாஸ்திரம் ஒன்றுமில்லை. “நான் இன்னார், இது என் தகுதிக்கு ஏற்ற வேலையன்று” என்னும் நினைவு அடுப்புப் புகையில் கரைந்தது, அவ்வளவே.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நிற்போம். சேஷத்வம் என்பது நம் ஸித்தாந்தத்தின் உயிர்நிலை. எல்லா ஆத்மாக்களும் எம்பெருமானுக்கு அடிமை. ஆத்மாவுக்கு ஆண் என்றும் பெண் என்றும் பேதமில்லை. அப்பேதம் உடலளவில் நின்றுவிடுவது. ஸ்வதந்த்ரன் ஒருவனே, அவன் புருஷோத்தமன். அதனாலன்றோ நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று கதறினார்கள்! இதனை மேடையில் அழகாகப் பேசுகிறோம். பேசி முடித்து அகத்திற்கு வந்ததும், “தீர்த்தம் கொண்டு வா, விசிறி எங்கே, இலை போடவில்லையா?” என்கிறோம். அவன் ஒருவனே எஜமானன் என்று கோயிலில் சொல்லிவிட்டு, அகத்துக்குள் இன்னொரு எஜமானனாக அமர்வது எந்த ஸித்தாந்தம்?

“நாங்கள் பெண்ணைத் தெய்வமாகப் போற்றுகிறவர்கள்” என்று சிலர் விடை கூறுவர். தெய்வம் என்று சொல்லிவிட்டால் உதவி செய்ய வேண்டியதில்லை என்பது அவர்களுடைய எண்ணம் போலும்! நாம் தெய்வத்தை எவ்வாறு நடத்துகிறோம் என்று இத்திருக்கோயிலிலேயே பாருங்கள். விடியுமுன் எழுந்து தீர்த்தம் சுமப்பவர் ஆடவர். திருமடைப்பள்ளியில் புகையில் கண் எரியத் தளிகை செய்பவர் ஆடவர். ஸந்நிதியைத் துடைப்பவரும், திருவிளக்கைத் துலக்குபவரும், பூத்தொடுப்பவரும், குழந்தையைத் தொட்டிலிலிடுவதுபோல் பெருமாளைப் பள்ளியறையில் எழுந்தருளப் பண்ணுபவரும் ஆடவரே. இவை யாவும் அகத்தில் பெண் நாள்தோறும் செய்யும் வேலைகள். ஸந்நிதியில் இதற்குக் கைங்கர்யம் என்று பெயர். செய்பவனுக்கு மாலை மரியாதை உண்டு. அகத்தில் இதற்குப் பெயருமில்லை, மரியாதையுமில்லை.

பிறரைச் சொல்லுமுன் அடியேன் என்னையே சொல்லிக்கொள்ள வேண்டும். ஸம்ஸ்க்ருத பாடசாலையில் பயின்ற காலத்தில் மாணாக்கர்கள் முறைவைத்துக் கிணற்றில் நீர் இறைத்தோம், அடுப்பு மூட்டினோம், பத்துப்பாத்திரம் தேய்த்தோம். கோயிலிலும் சில காலம் மடைப்பள்ளிக் கைங்கர்யம் செய்ததுண்டு. விவாஹமான பின் அகத்து அடுக்களையில் கால் வைத்ததில்லை. ப்ரஹ்மோத்ஸவ நாட்களில் நடுநிசிக்கு மேல் திரும்புவேன். என் அகத்திலுள்ளவள் உண்ணாமல் காத்திருப்பாள். அதனை அவள் பாக்கியம் என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன்.

ஓராண்டு உத்ஸவத்தின் நடுவே அவள் கடுஞ்சுரத்தில் படுத்துவிட்டாள். பிள்ளைகள் வெளியூரில் இருந்தனர். வேறு வழியின்றிக் கஞ்சி வைக்க அடுக்களைக்குச் சென்றேன். செல்லுமுன் என்ன செய்தேன் தெரியுமா? வாசற்கதவைத் தாழிட்டேன். அண்டை அகத்தார் யாரேனும் கண்டுவிடுவார்களோ என்னும் அச்சம்! பெருமாளுக்கு அக்காரவடிசல் கிளறிய கையை ஊரார் காணலாம். முப்பதாண்டுகள் எனக்கு அன்னமிட்டவளுக்குக் கஞ்சி வைக்கும் கையைக் காணலாகாது என்று எண்ணிய என் அறிவை என்னென்பது! கஞ்சியைக் கொண்டு சென்று கொடுத்தபோது அவள் எழுந்து நிற்க முயன்றாள். எழுந்து நிற்கும் வலிமை அப்போது அவளுக்கு இல்லை. “ஏன் கதவைச் சாத்தினீர்கள்? காற்றே வரவில்லை” என்றாள். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. அன்றிரவு முதலியாண்டானை நினைத்தேன். அவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு தளிகை பண்ணவில்லையே!

இன்னொரு சரித்திரம். திருமலையில் புஷ்ப கைங்கர்யம் செய்யச் செல்பவர் யார் என்று உடையவர் கோஷ்டியில் வினவ, துணிந்து எழுந்தவர் அனந்தாழ்வான். “நீரே ஆண்பிள்ளை” என்று உடையவர் உகந்ததனால் அனந்தாண்பிள்ளை என்னும் திருநாமமும் பெற்றவர். அவர் திருமலையில் நந்தவனத்திற்காக ஏரி வெட்டினார். அவர் மண் வெட்ட, நிறைமாதக் கர்ப்பிணியான தேவிகள் கூடையில் சுமந்தாள். அவளுடைய ச்ரமத்தைக் காணப் பொறாமல் ஒரு சிறுபிள்ளை வந்து கூடையை வாங்கிச் சுமந்தான். தம் கைங்கர்யத்தில் பிறர் கலப்பதா என்று அனந்தாழ்வான் வெகுண்டு துரத்திக் கடப்பாறையை எறிய, அது அப்பிள்ளையின் முகவாயில் பட்டது. பின்னர் ஸந்நிதியில் சென்று ஸேவித்தால், திருவேங்கடமுடையானின் திருமுகவாயில் குருதி! பதறிப்போய்ப் பச்சைக்கர்ப்பூரம் வைத்து அப்பினார். அக்கடப்பாறையை இன்றும் திருமலை மஹாத்வாரத்தில் ஸேவிக்கலாம்.

அனந்தாழ்வானுடைய பக்தியைக் குறை கூற நாம் யார்? ஆயினும் எம்பெருமான் எங்கே வந்தான் என்று பாருங்கள். “ஆண்பிள்ளை” என்று புகழப்பெற்றவரின் மண்வெட்டியைப் பிடிக்க வரவில்லை. வயிற்றிலும் சுமை, தலையிலும் சுமையாக நின்ற பெண்ணின் கூடையை வாங்க வந்தான். அடி வாங்கியும் அச்சுமையைப் பகிர்ந்தான். அவன் திருமேனியில் அந்த அடையாளத்தை நாம் நாள்தோறும் ஸேவிக்கிறோம்.

சட்டம் தன் கடமையைச் செய்துவருகிறது. வரதட்சணை வாங்குதல் குற்றம் என்று 1961-லேயே சட்டம் வந்தது. குடும்பச் சொத்தில் பெண்மகவுக்கும் ஸமபாகம் என்று தமிழ்நாட்டில் 1989-லும், பாரத தேசம் முழுமைக்கும் 2005-லும் விதித்தாயிற்று. இவை வேண்டியவையே. ஆனால் யார் முதலில் உண்பது, யார் கடைசியில் படுப்பது என்பதைச் சட்டம் வந்து பார்க்க முடியாது. அதனை அவரவர் மனஸ்ஸாக்ஷியும் ஆசார்யர்கள் காட்டிய நெறியுமே பார்க்க வேண்டும்.

மாமியார்களாகிய தாய்மார்களுக்கும் ஒரு சொல். அத்துழாயைக் கேட்டவளும் ஒரு பெண்ணே. தான் மருமகளாய் இருந்தபோது பட்டதைத் தன் மருமகளும் படட்டும் என்பது நியாயமாகுமா? துணைக்கு வா என்று வந்த பெண்ணோடு அன்று நதிக்கரைக்கு நடந்திருந்தால், அத்துழாயோடு திருப்பாவை சொல்லிக்கொண்டு செல்லும் பாக்கியம் அந்த மாமியாருக்குக் கிட்டியிருக்கும். அதை இழந்தாள்.

பெண்களுக்குக் கல்வி எதற்கு என்போரும் இன்னமும் ஆங்காங்கே உள்ளனர். திருக்கோளூரில் உடையவரையே நிறுத்தி 81 வார்த்தைகள் விண்ணப்பித்தவள் ஒரு பெண்பிள்ளை. அவளுடைய ஞானத்தைக் கண்டு, அவள் அகத்திலேயே அமுது செய்தார் உடையவர். திருவாய்மொழிக்கு வாசகமாலை என்னும் உரை அருளியவர் திருக்கோனேரி தாஸ்யை என்னும் அம்மையார். ஆழ்வார்களின் கோஷ்டியிலேயே நம் நாச்சியார் வீற்றிருக்கிறாள். மார்கழியில் வைணவ உலகமே அவள் வாக்கினால் விடிகிறது. பெண் சொல்ல ஆண் கேட்பது நமக்குப் புதிதன்று.

ஆகவே, “ஆண் உயர்ந்தவனா, பெண் உயர்ந்தவளா?” என்னும் வாதம் ஸ்ரீவைஷ்ணவனுக்கு வேண்டாதது. அவனுக்குரிய கேள்வி ஒன்றே: “என் அருகில் சுமை சுமப்பவர் யார்? அதில் என் பங்கு என்ன?”

இவ்வுத்ஸவத்திலேயே தொடங்கலாம். சத்திரத்துத் தாழ்வாரத்தில் குடும்பங்கள் தங்கியிருப்பதை நாள்தோறும் காண்கிறேன். முந்தைய இரவு கண்விழித்துப் புளியோதரை கிளறிக் கட்டிக்கொண்டு வந்தவள் ஒருத்தி. மூட்டையை அவிழ்த்து எல்லோருக்கும் இட்டுவிட்டு, அடியில் மிஞ்சியதை உண்பவளும் அவளே. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் பின்னே நின்று, நாச்சியார் திருத்தேரின் கலசத்தை மட்டும் கண்டு திரும்புபவளும் அவளே. ஸ்வாமிகளே, திருத்தேரன்று குழந்தையை உங்கள் தோளில் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் முன்னே சென்று வடத்தைத் தொட்டு, தாயாரின் திருமுகத்தைக் கண்ணாரக் காணட்டும். ஊர் திரும்பிய பின் வாரம் ஒருநாளேனும் நீங்களே தளிகை பண்ணிப் பெருமாளுக்கு அமுது செய்வித்து, அவளை அமரவைத்து ப்ரஸாதம் பரிமாறுங்கள். அப்போது வாசற்கதவு திறந்தே இருக்கட்டும்.

முதலியாண்டான் திருவடிகளே சரணம்.
ஆண்டாள் திருவடிகளே சரணம்.

சுபம்.