கேப்டன் கேட்டால்

எங்கள் சபையின் ஓய்வுநாள் பாடசாலையில் பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும்போது ஹன்சி குரோனியேவின் கதையைத் தவறாமல் சொல்வேன். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியாது, பெற்றோருக்குத் தெரியும். தென்னாப்பிரிக்க கிரிக்கெட் கேப்டன், 53 டெஸ்டுகளுக்குத் தலைமை தாங்கி 27-ல் வென்றவர். தன் விசுவாசத்தை ஒளிக்காத கிறிஸ்தவர். இந்த இடத்தில் இயேசு என்றால் என்ன செய்வார் என்ற கேள்வியின் முதலெழுத்துகள் போட்ட பட்டையைக் கையில் கட்டியிருப்பார். முன்மாதிரி யாரென்று அந்நாளில் கேட்டிருந்தால் போதகர்களே அவரைக் காட்டியிருப்பார்கள்.

2000 ஜனவரி, செஞ்சூரியன் டெஸ்ட். மூன்று நாள் ஆட்டம் மழையில் போய்விட்டது. ஆளுக்கொரு இன்னிங்ஸை விட்டுக்கொடுத்து ஆட்டத்துக்கு உயிர் கொடுக்கலாம் என்று குரோனியே முன்வந்தார். இங்கிலாந்து 2 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. பெருந்தன்மை என்று பலரும் மெச்சினார்கள். அதற்காக ஒரு சூதாட்டத் தரகரிடம் பணமும் தோல் ஜாக்கெட்டும் வாங்கியது பிறகுதான் தெரிந்தது. ஏப்ரல் 7-ல் டெல்லி போலீஸ் அவர்மீதான மேட்ச் பிக்சிங் வழக்கை வெளியிட்டபோது மறுத்தவர், 11-ம் தேதி ஒப்புக்கொண்டார். அக்டோபரில் ஆயுள் தடை.

"அப்போ அவர் கெட்டவரா சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். மனிதன் விழுவான். தாவீது ராஜாவின் பாவத்தையே வேதம் மறைக்கவில்லையே. விசாரணைக் கமிஷன் முன் குரோனியே தன் பலவீனத்தோடு சாத்தானையும் சேர்த்துச் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. தீர்க்கதரிசி நாத்தான் வந்து நின்றபோது தாவீது சாத்தானை இழுக்கவில்லை. பாவம் செய்தேன் என்றார், அவ்வளவுதான். ஆனாலும் 32 வயதில் விமான விபத்தில் போய்விட்டவரை நியாயந்தீர்க்க நான் யார்? அது ஆண்டவர் காரியம்.

என்னை விடாமல் பிடித்திருப்பது நாக்பூர். 2000 மார்ச்சில் அங்கே ஒருநாள் ஆட்டம். 20 ரன்னுக்குள் அவுட்டாகிவிடு என்று தன் அணியின் ஹெர்ஷல் கிப்ஸிடம் கேட்டார் குரோனியே. பத்து ஓவரில் 50-க்கு மேல் கொடு என்று பந்துவீச்சாளர் ஹென்றி வில்லியம்ஸிடம் கேட்டார். ஆளுக்கு 15,000 டாலர். இருவரும் சரி என்றார்கள். களத்தில் கிப்ஸ் 74 அடித்தார். வில்லியம்ஸ் தோளில் அடிபட்டு இரண்டாவது ஓவரிலேயே வெளியேறினார். பேரம் நடக்கவில்லை. ஆனால் சம்மதம் கொடுத்தாயிற்று. ஆறு மாதத் தடையும் வந்தது.

பணம் இழுக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதே வார்த்தையை வெளியாள் ஒருவன் வந்து சொல்லியிருந்தால் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியிருப்பார்களா? கேட்டது கேப்டன், நாடே தலையில் வைத்துக் கொண்டாடிய ஆள். அவர் கேட்கிறார் என்றால் அவ்வளவு பெரிய தப்பாக இருக்காது என்று மனசாட்சி அசந்துவிடுகிறது. விக்கிரக ஆராதனை என்று வேதம் எச்சரிப்பது இதையும் சேர்த்துத்தான் என்பது என் துணிபு. பவுல் தன்னைப் பின்பற்றச் சொன்னபோதுகூட, தான் கிறிஸ்துவைப் பின்பற்றுவதுபோல என்று எல்லை வைத்துத்தான் சொன்னார்.

நாக்பூருக்கு முன்பே, பெங்களூரு டெஸ்டை ஒட்டி, அணியின் காலிஸ், பவுச்சர், குளூஸ்னர் மூவரிடமும் இதே கேப்டன் இதே மாதிரிப் பேச்சை எடுத்திருந்தார். மூவரும் மசியவில்லை. அந்த மூவர் பெயரையும் பிள்ளைகளைத் திரும்பச் சொல்லச் சொல்வேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வீரர்களின் படத்தைப் பிள்ளை சுவரில் ஒட்டட்டும், தடுக்காதீர்கள். அவரைப் போல வா என்றுகூடச் சொல்லுங்கள். ஆனால் நாளைக்கு அவனுக்குப் பிடித்த கோச்சே வந்து, "வயதை இரண்டு குறைத்து சர்டிபிகேட் கொண்டு வா, டீமில் சேர்த்துக்கொள்கிறேன்" என்றால் என்ன பதில் சொல்லவேண்டும் என்பதை இன்றைக்கே வீட்டில் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள்.