ஈஸ்ட் உப்பை எதிர்கொள்வதில் நோக்கம் உண்டா?

மனம் இல்லாத உயிருக்கு நோக்கம் இருக்க முடியுமா என்பது தத்துவத்தின் பழைய கேள்வி. ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட், உப்பைச் சமாளிக்கும் விதம் அதற்கு நல்ல உரைகல். மூளையோ நரம்போ அற்ற ஒற்றைச் செல் பூஞ்சை அது. இருந்தும், சுற்றிலும் உப்பு ஏறியதும் அது செய்பவை அனைத்தும் ஒரே பயனை நோக்கியே நகர்கின்றன.

உப்பு செல்லை இரு வழிகளில் தாக்குகிறது. முதலில் உள்ளிருக்கும் நீர் வெளியேறி, செல் சுருங்குகிறது. பிறகு உள்ளே புகும் சோடியம் அயனிகள் சில நொதிகளை முடக்குகின்றன. செல்சவ்வில் பதிந்துள்ள ஸ்லன்-1 என்ற புரதம் இந்தச் சுருக்கத்தை உணரும் உறுப்பு. இயல்பான நேரத்தில் அது ஓயாமல் ஒரு பாஸ்பேட்டைக் கைமாற்றிவிட்டு, அடுத்து வரும் புரதங்களை அடக்கியே வைத்திருக்கும். உப்பு ஏறியதும் கைமாற்றம் நின்று அடக்கம் விலகுகிறது. புரதங்கள் ஒன்றையொன்று தூண்ட, கடைசியில் ஹாக்-1 என்ற நொதி முடுக்கப்படுகிறது. 1993இல் அடையாளம் காணப்பட்ட இந்த நொதி சில நிமிடங்களிலேயே உட்கருவுக்குள் சென்று சேர்கிறது.

உட்கருவில் அப்போது நிலைமை மோசமாக இருக்கும். அயனிகள் மிகுந்துவிட்டதால், மரபணுக்களை இயக்க வேண்டிய புரதங்களே டிஎன்ஏவை விட்டுக் கழன்றுபோயிருக்கும். கட்டளை பிறந்தாலும் நிறைவேற்ற ஆளில்லை. அதனால் ஹாக்-1 மரபணுக்களுக்காகக் காத்திராமல், சோடியத்தை வெளியேற்றும் என்ஹெச்ஏ-1 என்ற சவ்வுப் புரதத்தை முடுக்கிவிடுகிறது. அயனிகள் குறையக் குறைய, கழன்ற புரதங்கள் டிஎன்ஏவுக்குத் திரும்புகின்றன. அடுத்து நடப்பது இன்னும் நுட்பமானது. உப்புக்கால மரபணுக்கள் சிலவற்றை அதுவரை பூட்டி வைத்திருந்தது ஸ்கோ-1 என்ற புரதம். ஹாக்-1 அதன்மீது பாஸ்பேட்டை ஏற்றியதும், பூட்டியிருந்த அதே புரதம் அவற்றைத் திறந்துவிடுவதாக மாறுகிறது. சோடியத்தை வெளியே தள்ளும் எனா-1 பம்பும், நீரைப் பிடித்துவைக்கும் கிளிசராலைத் தயாரிக்கும் நொதிகளும் பெருகுகின்றன. கிளிசரால் போதிய அளவு சேர்ந்து செல் பழைய பருமனுக்குத் திரும்பியதும், ஹாக்-1 உட்கருவை விட்டு வெளியேறிவிடுகிறது.

இதை நோக்கம் என்று சொல்லலாமா? உயிர்களை நோக்கம் உடையவைபோல் கருதாமல் நம்மால் ஆராய முடியாது, ஆனால் அது நம் தீர்ப்பின் வழிமுறையே தவிர இயற்கையில் கண்டறிந்த உண்மை அன்று என்று 1790இல் ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் வாதிட்டார். ஒரு புல்லின் தோற்றத்தை இயந்திர விதிகளால் மட்டும் விளக்கக்கூடிய இன்னொரு நியூட்டன் பிறப்பார் என்று நம்புவதே வீண் என்பது அவர் கருத்து. பாஸ்பேட்டின் கைமாற்றம் வரை தெரிந்துவிட்ட இன்று எதிர்த்திசையிலிருந்து ஒரு வாதம் எழுகிறது: எல்லாம் வேதியியலாகவே விளங்கிவிட்டதால், நோக்கம் என்று பேச இனி இடமே இல்லை.

இரண்டு பரிசோதனைகள் இந்த வாதத்தை வலுவிழக்கச் செய்கின்றன. ஸ்லன்-1 மரபணுவை நீக்கிவிட்டால், உப்பே இல்லாத இடத்திலும் ஹாக்-1 ஓயாமல் இயங்கி, அந்த இயக்கத்தாலேயே செல் இறந்துவிடுகிறது. ஹாக்-1ஐயும் சேர்த்து நீக்கினால் பிழைத்துக்கொள்கிறது. 2015இல் வெளியான மற்றோர் ஆய்வில் உப்பின் அளவைச் சில நிமிட இடைவெளியில் ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள். அதே அளவு உப்பு நிலையாக இருந்தபோது நன்றாக வளர்ந்த ஈஸ்ட், இந்த அலைவில் வளர்ச்சி குன்றியது. ஒவ்வோர் ஏற்றத்தையும் அது புதிய ஏற்றமாகவே எடுத்துக்கொண்டு, உப்பு படிப்படியாகக் கூடிக்கொண்டே போவதுபோல் மிகையாக எதிர்வினை ஆற்றியது.

தப்பாக எடுத்துக்கொள்வது என்பது சரியாக எடுத்துக்கொள்ளவும் முடிகிற ஒன்றுக்கே இயலும். நீரில் கரையும் உப்புக்கல் தவறு செய்வதில்லை, ஏனெனில் அது கரைவதில் சரி என்று ஒன்றில்லை. ஈஸ்டின் எதிர்வினையிலோ சரியும் தவறும் உண்டு. அவற்றை அளப்பது அந்தச் செல் உயிரோடு நீடிப்பது. இந்த அளவுகோல் ஆய்வாளர் கொண்டுவந்து வைத்தது அன்று. நோக்கம் என்பதெல்லாம் இயற்கைத் தேர்வின் வரலாறு மட்டுமே என்று சொல்வோர், அந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதைச் சரியாகவே விளக்குகிறார்கள். ஆனால் பொய்யான சமிக்ஞையால் சாகும் செல்லுக்கு நேரும் கேடு முன்னோரின் வரலாற்றில் இல்லை. அது இப்போது, இந்தச் செல்லில் நிகழ்வது.

அறிவு என்பது வேறு கேள்வி. தொடுவுணர்வு மட்டும் உள்ளவற்றை ஓரறிவுயிர் என்று தொல்காப்பிய மரபியல் வகுத்தது. சவ்வின் இறுக்கத்தை உணரும் ஈஸ்டையும் அங்கே சேர்க்கத் தோன்றும். அதற்கு நினைவும் உண்டு எனலாம்: மிதமான உப்பில் ஒருமுறை இருந்த செல்லின் வழித்தோன்றல்கள், உப்பு நீங்கிச் சில தலைமுறைகள் கழிந்தும், ஹைட்ரஜன் பெராக்சைடைக் கூடுதலாகத் தாங்குகின்றன. ஆனால் அந்த நினைவு பெரும்பாலும், அப்போது உண்டாகி எளிதில் சிதையாமல் மகள் செல்களுக்குப் பங்கிடப்பட்ட கேட்டலேஸ் என்ற நொதிதான். செல்லுக்குள் ஏதேனும் அனுபவம் நிகழ்கிறது என்று கொள்ள இதில் ஆதாரம் இல்லை. நோக்கம் உண்டு, அதை உணர்பவர் இல்லை என்பதே இச்சான்றுகள் அனுமதிக்கும் முடிவு.

அந்த நோக்கத்தின் நெறி உப்பில் இல்லை என்பதற்கு வாலெமியா இக்தியோபாகா என்ற பூஞ்சை சாட்சி. ஏறக்குறைய பத்து விழுக்காடு உப்பாவது இல்லாவிட்டால் அது வளரவே வளராது. உப்பு மிகுந்த அதன் இயல்பான சூழலில் அதன் ஹாக்-1 எப்போதும் பாஸ்பேட் ஏறிய நிலையிலேயே இருக்கிறது. உப்பு திடீரெனக் குறைந்தாலோ மேலும் கூடினாலோ அந்தப் பாஸ்பேட் கழன்றுவிடுகிறது. ஈஸ்டில் ஆபத்தைக் குறிக்கும் அதே வேதியியல் நிலை இங்கே நலத்தைக் குறிக்கிறது. எது இயல்பு, எது நோய் என்பதை உயிரே தன் சூழலோடு சேர்ந்து வகுத்துக்கொள்கிறது என்று பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஜார்ஜ் கங்கிலெம் 1943இல் மனித உடலை முன்வைத்து வாதிட்டிருந்தார். அந்த வாதம் ஒற்றைச் செல்லுக்கும், சிறு கொத்துகளாய் வளரும் இந்த உப்புப் பூஞ்சைக்கும் அப்படியே பொருந்துகிறது.